மேனேஜரின் இடது பக்கம்

எங்கள் மேனேஜரிடம் ஒன்றைச் சொன்னால், நேர்மாறாகச் செய்வார். இல்லாவிட்டால் நான் அதைச் சொல்லவே இல்லை என்பார். ஈப்போவில் அந்த லோரி கம்பெனியில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு என்று நான் பட்டியல் போடுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். போடுவதற்கு முன் எதையாவது மாற்றுவார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று இந்தக் கம்பெனிக்கு வந்தவர். நான் எழுதும் ஈமெயிலைக்கூட அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கமா போட்டுத் திருப்பித் தருவார்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய நிலத்தில்தான் பின்னால் செம்பனை வந்தது. மழை பெய்தால் எந்த மண்பாதை தாங்கும், எது தாங்காது என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, முதல் நாளே கையெழுத்தான பட்டியலை மாற்றச் சொல்ல, ஒரு காலையில் அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாஸ், தெலுக் இந்தான் தோட்டத்துக்குப் பெரிய லோரி இன்னைக்கு வேணாம். உள்ள பாதை தாங்காது."

கணினியைப் பார்த்தபடியே தலையாட்டினார். பத்து மணிக்குப் பெரிய லோரி புறப்பட்டுப் போனது. மத்தியானம் டிரைவர் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, டயர் பாதி மண்ணுக்குள்ள இருக்கு. டிராக்டர் வந்து இழுத்தாத்தான் ஆகும் லா."

மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, பாதை சரியில்லையெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"காலையிலயே சொன்னேன் பாஸ்."

"இல்லை. நீர் பெரிய லோரியைத்தான் அனுப்பச் சொன்னீர்."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வேலையை விட்டுவிடலாம் என்று அன்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். தோட்டத்து மேனேஜரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், நானும் கூட வர வேண்டுமாம். அவர் காரை ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயே திறப்பதில்லை என்றிருந்தேன். கோப்பெங் ஊர் தாண்டியதும் அந்தப் பாதையைப் பற்றி அவராகக் கேட்டார். எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எத்தனை நாள் வெயில் அடித்தால் காயும் என்று சொன்னேன். இடையில் வெட்டாமல் கேட்டார். நியாயமான கேள்விகள் கேட்டார். பீடோர் வருவதற்குள், எட்டு மாதமாக அவர் தட்டிக் கழித்த இரண்டு யோசனைகளுக்குச் சரி சொல்லிவிட்டார். இது யார் புது மனுஷர் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பீடோரில் கொய்யாப்பழம் வாங்க இறங்கினோம். அவருக்கு வலப்பக்கம் நின்று, "பாஸ், இது காய். அந்தக் கூடையில நல்லதா இருக்கு" என்றேன். காயாகவே பொறுக்கினார். இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை. பை எடுக்க அவருடைய மறுபக்கம் போனவள், அதையே மறுபடி சொன்னேன். உடனே கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மீதி வழியெல்லாம் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். காரில் நான் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான். அறையில் அவருடைய இடப்பக்கம் சுவர். நாங்கள் எல்லாரும் வலப்பக்கம் நின்றுதான் பேசுவோம், மேலே ஏர்கோன் இரைந்துகொண்டிருக்கும். அன்றைக்கு நான் சொன்னதில் 'பெரிய லோரி' மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. 'வேணாம்' கேட்கவில்லை. திமிர் பிடித்தவர் என்று எத்தனை பேரிடம் அவரைப் பற்றிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கக் கூச்சமாக இருந்தது.

தோட்டத்தில் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பிழை என்ர. நான்தான் கையெழுத்து வைச்சது" என்று அந்த மேனேஜரிடம் சொன்னார்.

காதைப் பற்றி நேரடியாகக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கமாவுக்கே அவ்வளவு மானம் பார்க்கிறவர். சனிக்கிழமை அவர் வருவதற்கு முன், டிரைவர் அண்ணனைக் கூட்டிவந்து அவர் மேசையை, வலப்பக்கம் சுவர் வரும்படி எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன். இப்போது யார் வந்தாலும் அவருடைய இடப்பக்கம்தான் நிற்க முடியும்.

"ஆர் இதை மாத்தினது?"

"நான்தான் பாஸ். பிரிண்டருக்கு வயர் எட்டல."

குனிந்து வயரைப் பார்த்தார். அது தரையில் தாராளமாகச் சுருண்டு கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, இருக்கட்டும்" என்று உட்கார்ந்தார்.

அதோடு நான் இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும், 'நீங்க சொன்னபடி' என்று ஆரம்பித்து இரண்டு வரி வாட்சாப்பில் அனுப்பிவிடுவேன். சொன்னது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். அவர் மறுக்கமாட்டார்.

இதனால் மனுஷர் தங்கமாக மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். போன மழைக்காலத்தில், பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு இரண்டு நாள் லோரியே வேண்டாம் என்றேன். கடைசி வரை கேட்டார், மூன்று கேள்வி கேட்டார். தோட்டத்துக்குப் போன் போட்டு, பின்பக்கம் கல்பாதை இருக்கிறதாம் என்றார்.

"காலமை ஆறு மணிக்குப் போகட்டும்."

போன லோரி ஒரு கீறல் இல்லாமல் மத்தியானமே திரும்பியது. அப்படி ஒரு பாதை இருப்பது எனக்குத் தெரியாது. அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு மறுக்கிறவரிடம் சண்டை போடவும் வழியில்லை.