திருத்தம் வெளிவராத இதழ்

இன்று ஒரகடத்தில் ஷிப்ட் முடியும்போது யாரோ மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இயந்திரத்தைத் துடைக்க, அந்த வாசனையில் நான் சட்டென்று சிறுவயதில், என் ஊரான பென்னலூரில் இருந்தேன். இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில்தான் மாமாவின் அச்சகம் இருந்தது. மாமா ஒரு கத்தோலிக்க வார இதழின் ஆசிரியர். நாள் முழுக்க மண்ணெண்ணெய் மணக்க இயந்திரம் தடதடக்கும், கொடியில் ஈரத் தாள்கள் காயும், மேசையிலிருந்து இறந்தவர்களின் படங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டாலே, மாமா இரங்கல் குறிப்பை முன்கூட்டியே அச்செழுத்தில் கோத்து வைத்துவிடுவார். அப்படி எண்ணெய் பூசப்பட்ட எங்கள் ஊர்ப் பிலோமினா அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய குறிப்பு படத்தோடு இதழில் ஏறிவிட்டது.

இதழ் வந்த மறுநாளே அத்தை அச்சகத்தில் வந்து நின்றார்.

"இன்னா எடிட்டரே, என்னிய அனுப்பிட்டியா? இப்பத்தான் சோறு துன்னுட்டு வர்றேன்!"

"மன்னிச்சுக்கோக்கா, அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடறேன்."

அடுத்த இதழ் வரவேயில்லை. நிலம் கைமாறி, அச்சகம் மூடப்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அத்தை, "எப்போ போடுவே?" என்று மாமாவைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். முதலில் சிரித்த ஊர், செத்தவரைக் கண்டதுபோல் மெல்ல மெல்லக் கோயிலில் அவர் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டது.

கல்லறைத் திருநாளன்று, ஊருக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் அதே இதழைப் பிரித்து, இறந்தோர் பெயர்களை வாசித்தார். பிலோமினா என்றதும் மாமா அதைத் திருத்த எழுந்தார். நாங்களோ பழக்க தோஷத்தில், நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அத்தையும் கண்ணை மூடி, எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மாமாவிடம் திருத்தம் கேட்கவே இல்லை.