பதிமூன்று பவுன்

என் அத்தைக்குக் கல்யாணம் என்று வீட்டில் கொளுத்திப் போட்டவள் நான்தான். அப்பாவின் தங்கையான அவர் எங்களோடு இருந்தார்; மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் போலீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போவார். அப்பாவுக்கு லாரி, அம்மாவுக்குத் தொழிற்சாலை ஷிப்ட். பக்கத்தில் திகாம் பத்து என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அத்தை மட்டும்தான். அவர் வரும்வரை சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். சுவரும் பாவம், குறுக்கே பேசாமல் கேட்கும்.

ஒருநாள் அத்தை போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"பதினேழு பவுன் வேணாம் அண்ணே, பதிமூணு போதும்லா. பதினேழு எனக்கு இனிமே தாங்காது."

பவுன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணப் பெண் கழுத்தில் தொங்குவதுதான். அத்தை போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவரிடமே கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அம்மாவிடம் அழுதேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பவுன் பேசும் அளவுக்கு வந்துவிட்டாளா என்று கோபித்துக்கொண்டே அப்பா லட்டு வாங்கி வந்தார்.

விஷயம் தெரிந்ததும் அத்தை வயிறு வலிக்கச் சிரித்தார். போனில் பேசியது துப்பாக்கி சுடும் சங்கத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் அண்ணனிடமாம். பையிலிருந்து பழைய பதினேழும் புதிய பதிமூன்றுமாக இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தாடி, நீ பாத்த மாப்பிள்ள."

சுட்டதும் பின்னால் போகும் துப்பாக்கியின் மேல்பாகத்தை மறுபடி முன்னால் தள்ளுவது இந்த ஸ்பிரிங்தானாம். அதன் பலத்தைப் பவுனில், அதாவது பவுண்டு எடையில், சொல்வார்களாம்.

"கெட்டி ஸ்பிரிங்னா கையும் கெட்டியா இருக்கணும். இல்லாட்டி மேல்பாகத்த இழுக்க முடியாது, சுட்ட தோட்டாவோட கூடும் சிக்கிக்கும். ரொம்ப மெலிசா போட்டா துப்பாக்கி அடி வாங்கும். பாத்துத்தான் எடுக்கணும்."

பதினேழு பவுனை மேசையில் ஊன்றி இரண்டு கையாலும் அமுக்கினேன். இறங்கியது. அத்தையும் அமுக்கினார். அவருடைய வலது மணிக்கட்டு மடங்கியது. ஸ்பிரிங் துள்ளிப்போய் பிரிட்ஜுக்கு அடியில் ஓடியது. போலீஸையே ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்தேன். அம்மா கைதட்டினார். அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தாண்ணே. ஒன்னும் இல்லலா."

தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் அந்தக் கையில்தான் ஆரம்பித்திருந்தது. அத்தை அடுத்து வாங்கியது பதினொரு பவுன். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. இரண்டு வருஷத்தில் அவரே இல்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது, அதுவே போதுமாயிருந்தது. அத்தையின் வலது கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டேன். இனி யாரும் இவரை என்னிடமிருந்து கொண்டுபோக முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.