அவர் போர்த்திய சால்வை

என் தையல் மிஷினை மூடியிருப்பது ஜரிகை மங்கிய ஒரு சால்வை. தைக்க உட்காரும்போதெல்லாம் அதை எடுத்து மடிக்க வேண்டும். மடிக்கும்போதெல்லாம் அக்கா நினைவுக்கு வந்து என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. காரைக்கால் அரசு அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. மதியம் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு வீதி நாடகம் எழுதுவார். நான்தான் அவருக்கு வாய்த்த நடிகை. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கடலோரத் தெருவில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு வாக்குக் கொடுத்து மறந்துபோன அரசியல் பிரமுகரைப் பற்றித்தான் அந்த நாடகம். பிரமுகர் வேஷம் எனக்கு. பேசும்போது மூக்கைத் தடவும் அவருடைய பழக்கத்தைக்கூட விடவில்லை. ஆனால் உள்ளூர உதறல். மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டால் ஆந்திராவில் கோதாவரிக் கரையிலிருக்கும் ஏனாமுக்கு மாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம். "தூக்கிப் போட்டா போடட்டும்டி. கோதாவரியையும் பாத்துட்டு வருவோம்" என்பார் அக்கா.

நாடகம் போட்ட அன்று மாலை தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். நாடகம் முடிந்ததும் அப்படியே பிரமுகர் வீட்டு வாசலில் போய் நிற்பதாக ஏற்பாடு. பாதி நாடகத்தில் அவரே வந்து பெண்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாடகத்தை நிறுத்தாமல் அவர் முகத்தைப் பார்த்தே மூக்கைத் தடவினேன். முதலில் சிரித்தவர் அவர்தான்! பிறகு தெருவே சிரித்தது. "என்னவிட நீங்க நல்லா செய்றீங்கம்மா" என்று எழுந்து வந்தார். அவர் காரில் எப்போதும் நாலைந்து சால்வைகள் தயாராக இருக்கும். ஒன்றை எடுத்துவரச் சொல்லி எனக்குப் போர்த்தினார். நானும் பழக்கதோஷத்தில் குனிந்து கும்பிட்டுவிட்டேன். கைதட்டிவிட்டு, குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"கோவத்தோட வந்தவங்கள சிரிக்க வச்சு அனுப்பிட்டோம்டி. உன்ன ஏனாமுக்கு மாத்தியிருந்தாகூட நாடகம் ஜெயிச்சுதுன்னு நெனச்சிருப்பேன்" என்றார் அக்கா. அதன் பிறகு அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அக்காமேல் எனக்குக் கோபம். குனிந்த என்மேல் அதைவிடக் கோபம்.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது ஒரு பெண் அடையாளம் கண்டு நிறுத்தினார். குழாயில் இன்னும் உப்புத்தான் வருகிறதாம். "நீங்க மூக்கத் தடவுனதுலேர்ந்து அவரு எங்க தெருவுக்கு வந்தா கையப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பேசுறாரு" என்று சிரித்தார்.

"ஓட்டு?"

"அவருக்குத்தாங்க. எங்களோட தரையில உக்காந்து பாத்த மனுஷனாச்சே."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, அக்காவுக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன்.

"கையக் கட்டிக்கிட்டா பேசுறாரு?" என்றார். அதையே மறுபடியும் கேட்டார். பிறகு, "அந்தச் சால்வ இருக்காடி?"

"இருக்குக்கா."

"தொலச்சிராத. அடுத்த நாடகத்துக்கு அதான் வேணும். இந்தத் தடவ நீ குனியக் கூடாது."

அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். ஏனாம் பயம் இனி எனக்கு மட்டும்தான். மிஷின்மேலிருந்த சால்வையை எடுத்து உதறினேன். தோளில் போட்டுக்கொண்டு, குனியாமல் நிமிர்ந்து நின்று மூக்கைத் தடவிப் பார்த்தேன்.