முன்சீட்டில் உட்காராத ராஜையன்

இடுப்புக்கு மேலே டிக்கிக்குள், இடுப்புக்குக் கீழே சாலையில் என்று கவிழ்ந்துகொண்டுதான் ராஜையன் பாட்டுக் கேட்பார். கண் மூடியிருக்கும். வலது கையின் மூன்று விரல்கள் ஸ்பீக்கரின் விளிம்பில் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு, ஒரு கார் ஓர் ஆளைப் பாதி விழுங்கிவிட்டு மீதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். இரண்டு நிமிடம் கழித்துத் தலை வெளியே வரும். "செரி, கும்முண்ணு இருக்கு. கொண்டு போங்க" என்பார். தீர்ப்பு அவ்வளவுதான். அப்பீல் கிடையாது.

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டயர்க் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே இருக்கிறது 'ஜெஸ்லின் கார் ஆடியோஸ்'. ஜெஸ்லின் அவர் மகள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. தன் பெயர் எழுதிய கடைக்கு அவள் வருவதில்லை, சத்தம் ஆகாதாம். சொல்லப்போனால் அப்பனுக்கும் ஆகாது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர், இப்போது அறுபத்தொன்று. இந்த நாற்பத்திரண்டு வருடத்தில் அவராக விரும்பி ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. வீட்டில் டிவியின் சத்தத்தை தாசம்மாள் கூட்ட வேண்டுமானால், புருஷன் படியிறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பாட்டு என்பது அவருக்கு இரண்டே சாமான். மேலே 'சிலுசிலு', கீழே 'கும்'. சிலுசிலுவை எவன் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம், கும்முக்குத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. கும்மைத் தருகிற பெரிய ஸ்பீக்கருக்கு சப்வூஃபர் என்று பெயர், அந்தச் சொல் அவர் வாயில் வராது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரியவன்'. "பெரியவனுக்கு சொகமில்ல சாரே, நெஞ்சு கிளிஞ்சு போச்சு, இனி வச்சுப் பிரயோஜனம் இல்ல" என்று போனில் அவர் சாவதானமாகச் சொல்வதைக் கேட்டால், புதிதாக வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் துக்க முகம் காட்டுவார்கள்.

அவரிடம் நான்கு பழைய பவுடர் டப்பாக்கள் உண்டு. அத்தனையிலும் பிளாஸ்டிக் கிளிப். கார்களின் உள்பக்கத் தட்டிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுண்டுவிரல் நுனியளவுச் சாமான் அது. எந்தக் கம்பெனி, எந்த வருடத்து வண்டி என்று சொன்னால் போதும், டப்பாவைப் பார்க்காமல் கையை விட்டு எடுத்துத் தருவார். மனைவியின் பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்காது. "அது ஓணத்துக்கு முன்னயா பின்னயா" என்று வருடா வருடம் அவளிடமே கேட்பார்.

இவை போக இன்னொரு கிறுக்கும் உண்டு. வாடிக்கையாளர் வண்டியின் சீட்டில் ராஜையன் உட்காரமாட்டார். டேஷ்போர்டில் வேலை என்றால், கதவைத் திறந்துவைத்து, வெளியே ஒரு பலகையைப் போட்டு அதில் மண்டியிட்டு, உடம்பை எட்டுக் கோணலாக வளைத்துச் செய்வார். வண்டியை நகர்த்த வேண்டுமானால் பக்கத்து டயர்க் கடைப் பிச்சைக்கனிக்குக் குரல் போகும். "நாம அளுக்கு வேல செய்யுத ஆளு. அவுங்க சீட்டு அவுங்களுக்காக்கும். மரியாதைண்ணு ஒண்ணு இருக்குல்லா" என்பார். மரியாதைதான் போலிருக்கிறது என்று ஊரும் விட்டுவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதரின் வாழ்க்கையில்தான் சேஷனின் பழைய எஸ்யூவி வந்து நின்றது.

சேஷன் கரமனை அக்ரஹாரத்துக்காரர். முப்பத்தைந்து வருடம் பிறர் எழுதிய ஃபைலில் பிழை கண்டுபிடிப்பதே உத்தியோகமாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பதினைந்து வயது வண்டியை, மகனைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் கம்பெனிக்காரன் பின்பக்கத் தட்டிக்குள் ஒளித்துவைத்திருந்த எட்டு இஞ்சுப் பெரியவன் செத்துப்போனான். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடையில், டிக்கி முழுக்க அடைகிற மாதிரி ஒரு பெட்டியைக் காட்டினார்களாம். "அத வெச்சா தேங்காய எங்க வெக்கறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்துவிட்டார். "ராஜையா, எங்க இருந்துதோ அங்கயே, அதே அளவுல வெச்சுத் தரணும் கேட்டேளா. மிருதங்கத்துல வலது கை மாத்திரம் கேக்கறது. இடது கையோட கும்மே இல்லை. கச்சேரிக்கு அரை ஆள் வந்தாப்ல இருக்கு."

ராஜையன் தட்டியைக் கழற்றினார். இந்த ஊர் ஈரத்தில் ஸ்பீக்கரின் ஓரத்து நுரை வளையம் பப்படம் மாதிரி கையோடு நொறுங்கி வந்தது. புதியவனை உட்கார வைக்க மரத்தில் வளையம் அறுத்தார், சுற்றிலும் ஃபெல்ட் ஒட்டினார், இரண்டு கம்பியை இணைத்தார், உடைந்த கிளிப்புக்கு டப்பாவிலிருந்து கிளிப் போட்டார். தலையை உள்ளே விட்டுக் கேட்டார். கும்! "கொண்டு போங்க சாரே."

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது.

ராஜையனிடமிருந்து போன வண்டி குறை சொல்லிக்கொண்டு திரும்பியதாகப் பேச்சே கிடையாது. டயர்க் கடையிலிருந்து பிச்சைக்கனியே எழுந்து வந்து பார்த்தார். "கேக்கலை" என்றார் சேஷன். ராஜையன் டிக்கிக்குள் போய்விட்டு வந்து, "நல்லாக் கேக்குதே" என்றார். "கேக்கலை ராஜையா." "கேக்குது சாரே." தட்டியை மறுபடி இறுக்கிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை சேஷன் வெறுங்கையோடு வரவில்லை. நடந்தது என்னவென்றால், அவர் மனைவி சுப்புலக்ஷ்மி எப்போதும் பின்சீட்டுக்காரி. முன்னால் உட்கார்ந்தால் ஏசி காற்று முழங்காலில் படுகிறதாம். அந்த அம்மாள் பின்சீட்டிலிருந்து, "நன்னாத்தான் கேக்கறது. வண்டிக்கு ஒண்ணும் இல்லை, உங்க காதுக்குத்தான் என்னவோ" என்று சொல்லிவிட்டாள். சேஷன் விடுகிற ஆளா? நேரே காது டாக்டரிடம் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கோடு கோடாக வரைந்த காகிதம் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அதை பானெட் மேல் விரித்து வைத்தார்.

"பாருங்கோ. என் காது சரியாக்கும். டாக்டர் கையெழுத்து போட்டிருக்கார்."

காகிதத்தை ராஜையன் குனிந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. கேட்கவில்லை என்கிறவரின் காதுக்குச் சர்டிபிகேட் இருக்கிறது. கேட்கிறது என்கிற தன் காதுக்கு என்ன இருக்கிறது? "ஒரு வாரம் களிச்சு வாங்க சாரே, பாத்து வைக்கேன்" என்று முனகினார்.

அன்றைக்கு அவருக்குப் பயம் வந்துவிட்டது. வேடிக்கை இல்லை, நிஜமான பயம். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இந்தத் தொழிலில் அவரிடம் மிஷின் கிடையாது, மீட்டர் கிடையாது. காது ஒன்றுதான் முதல். இல்லாத சத்தம் தன் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டதோ? அப்படியானால் இதுவரை கொடுத்தனுப்பிய தீர்ப்புகளில் எத்தனை தப்போ? அது போய்விட்டால் நாளைக்குக் கடையைத் திறந்து என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பரீட்சை நடந்தது. முன்னறையில் சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு ராஜையன் உட்கார்ந்தார். பின்கட்டில் தாசம்மாள் தண்ணீர் டிரம்மைக் கையால் தட்ட வேண்டும், கேட்கும்போதெல்லாம் இவர் கையைத் தூக்க வேண்டும். சோறு பொங்குகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று அவள் கேட்காமல் இல்லை. ஆனாலும் தட்டினாள். பத்துத் தட்டுக்குப் பதினோரு தடவை கை தூக்கினார்.

"பதினொண்ணாவது எங்க உள்ளது? நான் தட்டல்லியே!"

"எனக்குக் கேட்டுதே பிள்ளே!"

"அது பக்கத்து வளவுல தேங்கா விளுந்ததாக்கும். ஒங்க காது நல்ல பாம்புக்க காது. எளும்பி வந்து சோறு தின்னுங்க."

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தின்றிருப்பார்கள். ராஜையன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கூடுதலாக் கேக்குததும் ஒரு சீக்கா இருக்குமோ" என்றார். தாசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை வண்டி வந்தபோது பின்சீட்டில் சுப்புலக்ஷ்மியும் இருந்தாள். கிழக்கேகோட்டைக்குப் போகிற வழி. நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. டிக்கிக்குள் ராஜையன், பின்சீட்டில் மாமி, ஸ்டியரிங்கில் சேஷன். பென் டிரைவில் மிருதங்கம் ஓடியது.

"கேக்குது" என்றார் ராஜையன். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"கேக்கறதே!" என்றாள் மாமி.

"எனக்குக் கேக்கலை!" என்றார் சேஷன்.

மாமி பொறுமை இழந்தாள். "ஏன்னா, எறங்குங்கோ. ராஜையன், நீங்க ஒரு தடவ முன்னாடி வந்து உக்காந்துதான் பாருங்கோளேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல இருந்துண்டு இப்படி வழக்காடினா நான் எப்ப கோயிலுக்குப் போறது?"

சேஷன் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். ராஜையன் இரண்டடி பின்னால் போனார். "வேண்டாம் மாமி. அது சாருக்க சீட்டாக்கும். நான் அளுக்குக் கை."

அழுக்குக் கை என்பது வெளியே சொல்கிற காரணம். தாசம்மாளுக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு. ஊரிலிருந்து வந்த புதிதில், ஒரு வொர்க்‌ஷாப்பில், கான்ட்ராக்டர் ஒருவரின் புத்தம்புது காரில் ரேடியோவைச் சரிபார்க்கப் பையன் ராஜையன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். கான்ட்ராக்டர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். அதோடு விடவில்லை. சீட்டின் உறையைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, அவன் கையாலேயே சோப்புப் போட்டுக் கசக்க வைத்தார். அன்று மண்டியிட ஆரம்பித்தவர்தான். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

சேஷனுக்கு இதெல்லாம் தெரியாது. "உக்காருங்கோன்னா" என்றார், கதவை விடாமல்.

ராஜையன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து உதறினார். சீட்டில் மூலைக்கு மூலை இழுத்து விரித்தார். நுனியில் ஒட்டினாற்போல உட்கார்ந்தார், ஒரு கால் வெளியே, முதுகு எதிலும் படாமல். பிறகு கண்ணை மூடினார்.

மிருதங்கத்தின் வலது கை கணீரென்று கேட்டது. இடது கையைக் காணோம்.

அவர் கண்ணைத் திறந்தார். தலையைப் பின்னால் திருப்பினார், முன்னால் திருப்பினார். முகம் மெல்ல மலர்ந்தது. "கேக்கல்ல!" என்றார். பிறகு கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "கேக்கல்ல சாரே! ஒண்ணுமே கேக்கல்ல! எனக்க காதுக்கு ஒண்ணும் இல்ல!" என்று கூவிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தார். தான் மாட்டிய ஸ்பீக்கர் கேட்கவில்லை என்பதற்காக ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்பட்டதை பிச்சைக்கனி அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் சின்னதுதான். வழக்கமாகக் கோடு போட்ட கம்பி மைனஸ். இந்தப் பழைய வண்டியில் கம்பெனிக்காரன் அதைத் தலைகீழாக வைத்திருந்தான். பழக்கதோஷத்தில் ராஜையன் கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார். முன்கதவு ஸ்பீக்கர்கள் காற்றைத் தள்ளும் நேரத்தில் பெரியவன் பின்னால் இழுக்கிறான். அவன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கும் கேட்கும், முன்சீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முன்சீட்டில் உட்கார்ந்து கேட்கிறவன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். இவர்தான் உட்கார மாட்டாரே!

தட்டியைக் கழற்றி, இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி, கிளிப்பை அழுத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும் பழைய ஞாபகத்தில் தலை மறுபடி டிக்கிக்குள் போனது.

"அங்க என்ன வேலை? முன்னாடி வாங்கோ!" என்றாள் மாமி.

அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தபோது டிரைவர் சீட் காலியாக இருந்தது. சேஷன் அதற்கு அடுத்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்கூடப் போட்டுக்கொண்டிருந்தார். "கதவைச் சாத்திண்டு கேளுங்கோ. அப்பத்தான் சரியாத் தெரியும்" என்றார்.

ராஜையன் துவர்த்தின் மேல் உட்கார்ந்தார். வெளியே நின்ற காலை உள்ளே எடுத்துவைத்து, கதவைச் சாத்தினார். சேஷன் பாட்டை முதலிலிருந்து போட்டார். இடது கை வந்தது. அது காதுக்குக்கூடப் போகவில்லை, நேரே நெஞ்சில் வந்து விழுந்தது. சேஷன் தொடையில் தாளம் போட்டார். மாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளத்துக்குத் தலையாட்டினாள்.

பாட்டு பாதி ஆகியிருக்கும். ராஜையன் சீட்டிலிருந்து லேசாக எழும்பி, தனக்குக் கீழே விரித்திருந்த துவர்த்தை உருவி எடுத்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகு முழுக்கச் சீட்டில் படும்படி சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.