மடித்தவர்: 14

மார்ச் 4. சட்டை 2. டாலர் 7.00
மார்ச் 6. சட்டை 3, கால்சட்டை 1. டாலர் 14.50
மார்ச் 8. சட்டை 4. டாலர் 14.00
மார்ச் 10. சட்டை 1. டாலர் 3.50
மார்ச் 12. சட்டை 1. டாலர் 3.50
மொத்தம்: சட்டை 11, கால்சட்டை 1. டாலர் 42.50

பதினோரு இரவுக் கப்பல் பயணத்தின் சலவை ரசீது இது. பயணச் செலவு முழுவதும் மாப்பிள்ளையுடையது என்பதால் ரசீது அவர் கைக்குப் போனது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "மாமா, நீங்க கொண்டுபோனது ஆறு சட்டைதானே?" என்று கேட்டார். மாமாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போய்விட்டார். மாமியார்தான் பதில் சொன்னாள்: "அது ஒரு கதை மாப்பிள்ளை. உக்காருங்க."

மாமாவுக்கு மடிப்புக்காரர் என்று பெயர் வைத்தது அவர் வேலை பார்த்த இடம். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தார். அவரை எடுத்ததற்குக் காரணம் அவருடைய உயரம். படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது துணி தரையைத் தொடக் கூடாது. மற்றவர்கள் பிடித்தால் தொட்டது, இவர் பிடித்தால் தொடவில்லை. அவ்வளவுதான் தகுதி. அங்கிருந்து படிப்படியாக ஏறி, பிரிவுத் தலைவராக அறுபது வயதில் வெளியே வந்தார். ஒரு நாளைக்கு 640 விரிப்புகள் வீதம் முப்பத்தெட்டு வருடங்கள்.

அங்கே மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டுக்கு எண் உண்டு. இடக் கைப் பட்டியின் உட்புறம் மையால் எழுதியிருக்கும். அடுக்கைக் கலைக்காமல் எண் தெரிய வேண்டும் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வலக் கையை முதலில் உள்ளே மடித்து, இடக் கையை அதன் மேல் போட்டு, பட்டியை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே திருப்பிவிடுவார். வீட்டுச் சட்டைக்கு எண்ணும் கிடையாது, அடுக்கும் கிடையாது. ஆனாலும் கை கேட்கவில்லை. வீட்டிலும் அதே மடிப்புதான். அழுக்குக் கூடையில் போடும் சட்டையைக்கூட அப்படி மடித்துத்தான் போடுவார். மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். ஒருவர் மூக்கில் கண்ணாடி அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண். கடைக்குப் போட்டுப்போகும் அவளுடைய மேலங்கியைத் தினமும் தேய்த்து மடித்து வைத்தவர் அவர்தான். முப்பத்தேழு வருடத்தில் அந்தக் கண் அந்த மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குறையும் சொல்லவில்லை, நிறையும் சொல்லவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டது கிடையாது. ஆனால் மறந்ததும் கிடையாது.

கப்பலில் ஏறும்போதே சகுனம் சரியில்லை. பெட்டியைச் சோதித்த அதிகாரி உள்ளேயிருந்த இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்தார். அறைக்குள் தீப்பிடிக்குமாம், அனுமதி கிடையாதாம். 212 என்று ஒரு டோக்கனைக் கையில் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். மடிப்புக்காரர் டோக்கனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு நாள் அந்தக் கைக்கும் லீவு கிடைக்கட்டுமே என்றாள் மனைவி.

அன்றே குளியலறைத் தொட்டியில் ஒரு சட்டையைத் துவைத்து அங்கிருந்த கயிற்றில் போட்டார். கடல் காற்றில் ஈரம் போகவில்லை. காலையில் சட்டை கசக்கி எறிந்த காகிதம் போல இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு கூட வருவதாக இருந்தால் நான் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். வேறு வழியில்லை. அந்த ஈரச் சட்டையையும் அழுக்குச் சட்டை ஒன்றையும் வழக்கம்போல மடித்துச் சலவைப் பையில் வைத்தார். தன் சட்டையை இன்னொருவர் கையில் கொடுப்பது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அறையைக் கவனிக்கும் பெண்மணி சட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். மெல்லிய தாள் சுற்றி, நடுவில் ஒரு காகிதப் பட்டை. பட்டையில் ஒரு சீட்டு: மடித்தவர்: 14.

மனைவி தாளைப் பிரித்தாள். காலர் ஓரத்தில் ஒரு விரலை மெதுவாக ஓட்டினாள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள்.

"யாருங்க இத மடிச்சது?" என்றாள்.

மடிப்புக்காரருக்குச் சுருக்கென்றது. முப்பத்தேழு வருடம் அவர் காத்திருந்த கேள்வி. அது வேறு யாரைப் பற்றியோ வந்தது.

அவள் இரவுச் சாப்பாட்டுக்குப் போனதும், தலைவலி என்று சொல்லி அறையிலேயே தங்கினார். டேப்பை எடுத்து அளந்தார். மேலே 23 சென்டிமீட்டர், கீழே 23 சென்டிமீட்டர். காலரில் அதிகச் சூட்டின் பளபளப்பு இல்லை. தையல் ஓரத்தில் சுருக்கம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை உணவு மேசையில் முன்பின் தெரியாத ஒரு தம்பதியிடம் மனைவி பதினாலின் கைவண்ணத்தைப் பற்றி ஆறு நிமிடம் பேசினாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டே நேரம் பார்த்தார். ஆறு நிமிடம்.

அன்று காலையே மூன்று சட்டையும் ஒரு கால்சட்டையும் போயின. இந்த முறை அவர் கண்ணி வைத்தே அனுப்பினார். ஒரு சட்டையில் இரண்டாவது பொத்தானின் நூலைப் பாதி அறுத்துவிட்டார். இன்னொன்றில் கைப் பட்டிக்கு உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கால்சட்டைப் பையின் உள்துணியை முறுக்கிவிட்டார். எல்லாம் முடித்து, பழக்க தோஷத்தில், அழகாக மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பி வந்தபோது பொத்தான் அதே நிற நூலில் குறுக்குத் தையலாக இறுகியிருந்தது. பேனாக் கோடு இருந்த சுவடே இல்லை. முறுக்கிய பை நேராகியிருந்தது. சீட்டில் 14.

எட்டாம் தேதி நான்கு சட்டைகள் போயின. அதில் இரண்டை அவர் உடம்பில் போடவே இல்லை. மனைவி அதைப் பார்த்தாள். மறுநாள் மாலை பொட்டலம் வந்தது. தாளைப் பிரித்ததும் மடிப்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வலக் கை கீழே, இடக் கை மேலே, பட்டி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே திரும்பியிருந்தது. நான்கு சட்டையும் அப்படியே. உலகத்தில் வேறு எவரும் மடிக்காத மடிப்பு.

தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தார். கண்ணி வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டு, உன் வித்தை இவ்வளவுதானா என்று காட்டுகிறார்கள். அதோடு போயிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். மனைவி ஒரு சட்டையைக் கையில் எடுத்தாள்.

"உங்க மடிப்பு மாதிரியே இருக்கு," என்றாள். பிறகு ஓரத்தைத் தடவிவிட்டு, "இன்னும் கொஞ்சம் நல்லாவே இருக்கு."

அன்று மாலை 6.40க்கு அவர் வரவேற்பு மேசைக்குப் போய்க் குறைகளைச் சொல்லும் அட்டை ஒன்று வாங்கினார். மடித்தவர் எண் 14, காலரில் சூட்டுப் பளபளப்பு, மடிப்பு ஒழுங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு வருடம் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு பொய் வரி எழுதாத கை. எழுதி முடித்ததும் பேனாவை மூடியது, வேறொன்றும் செய்யவில்லை.

பத்தாம் தேதி வேவு பார்ப்பதற்காக ஒரே ஒரு சட்டையை அனுப்பினார். அது சாதாரண மடிப்பில் திரும்பி வந்தது. காலர் நசுங்கியிருந்தது. சீட்டில் மடித்தவர்: 9 என்று இருந்தது. அவருக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது உண்மை. கதவிலிருந்து கட்டில் வரை நடக்கும் நேரம் அது தாங்கியது.

மனைவி சீட்டைப் படித்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்மணியிடம், பதினாலுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. யாரோ புகார் எழுதிட்டாங்க. மடிக்கிற மேசையிலேருந்து தூக்கி, நீச்சல் குளத்துத் துண்டு வெளுக்கிற எடத்துல போட்டுட்டாங்க. ஜூலையில அந்தம்மாவுக்கு ஒப்பந்தம் முடியுது. புகார் இருந்தா திரும்பப் போட மாட்டாங்க. பத்தொம்பது வருஷமா ஒரு புகார் இல்லாம இருந்தவங்க." பெண்மணி மடிப்புக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களத்தான் சார் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தாங்க. அழுக்குத் துணிய யாரு மடிச்சு அனுப்புவா, அந்த அறையில நம்ம தொழில்காரர் இருக்காரு, அவரு மடிக்கிற மாதிரியே மடிச்சு அனுப்பினா சந்தோஷப்படுவாருன்னு ரெண்டு தடவ பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டாங்களாம்."

பெண்மணி கதவைச் சாத்திக்கொண்டு போனார். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அவருக்குத் தெரியும்.

"அந்தப் புகார எழுதினது நீங்களா?"

"ஆமா."

"ஏங்க?"

அவர் சட்டையின் நசுங்கிய காலரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "முப்பத்தேழு வருஷம் மடிச்சுக் குடுத்தேன். ஒரு நாள் கேட்டியா நீ, யாரு மடிச்சதுன்னு?"

"யாரு மடிச்சதுன்னு தெரிஞ்சத எதுக்குங்க கேக்கணும்?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுதினத போய் அழிச்சுட்டு வாங்க" என்றாள்.

அழிக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் இருந்தவர், பதிவான புகாரைக் கரைக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்கு எழுதித்தான் திரும்பப் பெற முடியும் என்றார். மறுநாள், பன்னிரண்டாம் தேதி, மடிப்புக்காரர் ஒரு சட்டைப் பையில் துண்டுச் சீட்டு வைத்து அனுப்பினார். 'பதினாலாம் எண் அம்மாவுக்கு. புகார் பொய். எழுதியவன் நான்.' ஒன்பதாம் எண் பையைத் துழாவிப் பார்க்காமல் இயந்திரத்தில் போட்டுவிட்டார். சட்டை முழுக்க வெள்ளைத் துகளாகத் திரும்பி வந்தது. பதினாலாக இருந்தால் பை பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மார்ச் 22 அன்று முதல் கடிதம் எழுதினார். தங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம், புகாரைத் தீவிரமாகக் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். ஏப்ரல் 18 அன்று இரண்டாவது கடிதம். அடுத்த பயணத்தில் பதினைந்து சதவீதத் தள்ளுபடி என்று ஒரு சீட்டு வந்தது. மனைவி அதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது கடிதத்துக்கு அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். 23 சென்டிமீட்டர், குறுக்குத் தையல், பேனாக் கோடு, எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதினார். தான் என்ன வேலை பார்த்தவர், எத்தனை வருடம் பார்த்தவர் என்று எழுதினார். எதனால் பொய் எழுதினேன் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எட்டிப் பார்த்த மனைவி, "பொறாமைன்னு எழுதுங்க. மூணெழுத்துதானே," என்றாள். எழுதினார். ஜூன் 3 அன்று பதிவுத் தபாலில் போனது.

ஜூலை முடிந்தது. ஒன்றும் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கேட் பக்கத்தில் நின்றார். மனைவியின் துணிகளை இரண்டு தடவை தேய்த்தார்.

பிறகு ஒரு சாதாரண உறை வந்தது. அலுவலக முத்திரை இல்லை. உள்ளே ஒரு தாள், மூன்றாக மடித்தது. அதற்குள் ஒரு காகிதப் பட்டை: மடித்தவர்: 14, ஆகஸ்ட் 2. தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீட்டியாகிவிட்டது. பழைய மேசைக்கே வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு சந்தேகம். இடக் கைப் பட்டியை வெளியே திருப்புவது எதற்கு? இங்கே கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.'

மடிப்புக்காரர் இரண்டு முறை படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மார்ச் மாதத்திலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். மனைவி தாளை வாங்கினாள். எழுத்தைப் படிப்பதற்கு முன் மடிப்பைப் பார்த்தாள். மூன்று பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நூலிழை பிசகவில்லை.

"அம்சமா மடிச்சிருக்காங்க," என்றாள்.

அவர் எழுந்து போய் டேப்பை எடுத்து வந்தார். அளந்தார். 9.9, 9.9, 9.9. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பதில் எழுத ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார். எழுதுவதற்கு முன் அதை மூன்றாக மடித்துப் பார்த்தார். பிரித்தார். வேறொரு தாள் எடுத்தார்.

கடிதம் வந்தது ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, முற்பகல் 11.20.