இத்தா அறையில் இறங்கிய படம்

எங்கள் வீட்டு முன்னறைதான் மருமகனின் சீடிக் கடை. கடற்கரைப் பக்கம் இருந்த பழைய கடையைச் சுனாமி கொண்டுபோன பிறகு, மகள் தன் காப்புகளை விற்று அவருக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தாள். அது போனால் காப்பும் போச்சு, கடையும் போச்சு.

நாட்டில் யுத்தம் முடியப்போகிற காலம் அது. ரோட்டில் செக்கிங் கூடினதால் சனம் வீட்டுக்குள் இருந்து படம் பார்த்தது. மருமகன் அந்தப் படங்களை இன்டர்நெட்டில் இறக்கினார்.

"ஒரே படத்த உலகம் பூரா ஆக்கள் துண்டு துண்டா வெச்சிரிக்காங்க மாமி. ஆளுக்கொரு துண்டு தருவாங்க. நாமளும் நம்மட துண்ட மத்தவங்களுக்குக் குடுக்கணும்."

கந்தூரிச் சோற்றுக்கு வீடு வீடாக அரிசி சேர்ப்பது மாதிரி என்று விளங்கிக்கொண்டேன். நான் மருமகனோடு அதிகம் கதைக்கிறவள் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"அப்ப, படம் எடுத்தவருக்கு?"

"அவர்ர படம் அவரிட்டத்தானே இரிக்கி. நாம எடுத்தா குறையவா போகுது?"

"குறையாட்டி ஏன் ஒளிச்சு வெக்கிறீங்க?"

அவர் கதையைப் படம் இறக்குகிற வெப்சைட்டுக்கு மாற்றினார். அந்த வெப்சைட்டை ஏதோ ஒரு நாட்டில் கோர்ட்டு மூடச் சொன்னதாம், அவர்கள் உடனே வேறு பேரில் திறந்துவிட்டார்களாம். அதைத் தன் சொந்தக்காரர் செய்த வீரம் போலச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருசம் என் கணவர் நோயில் மௌத்தானார். நான் வெள்ளைச் சீலை கட்டி, புருசனை இழந்தவள் இருக்கிற இத்தாவை உள்ளறையில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் என்னைக் காணக் கூடாது. திரை தாண்டி ஒருவரும் வர மாட்டார்கள். மருமகனுக்கு அது போதுமாக இருந்தது. மறுவாரமே கொம்பியூட்டர் என் கட்டிலடிக்கு வந்துவிட்டது. இரவு பகலாக அது உறுமிக்கொண்டே கிடந்தது.

ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பொலிஸ் வந்தது. படம் இறக்குவதை யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் ஒன்றும் பதியாத வெறும் சீடிகள்தான் கிடந்தன. இன்ஸ்பெக்டர் உள்ளே நடந்து என் திரையைப் பிடித்தார்.

மகள் குறுக்கே பாய்ந்தாள். "உம்மா இத்தாவில சேர்! ஆம்புளையள் போக ஏலா!"

அவர் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்தார். ஆனால் விட்டுப் போகவில்லை. பொம்பிளைப் பொலிஸை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றார்.

மகள் கதவைச் சாத்தி, டிவி மாதிரி இருந்ததைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். உறுமுகிற பெட்டியைக் கட்டிலடியில் தரையில் சரித்துப் போட்டு, மேலே தலையணை வைத்து, வெள்ளைத் துணியால் மூடினாள். ஜன்னலுக்கு வெளியே மருமகன் கிசுகிசுத்தார்.

"மாமி, நிப்பாட்டிராதீங்க! இன்னும் கொஞ்சந்தான் இறங்கக் கிடக்கு!"

மகள் பல்லைக் கடித்தாள். "என்ட காப்பு போகப் போகுது, இவருக்குப் படம்!"

நிப்பாட்ட எங்களுக்குத் தெரிந்திருந்தால்தானே.

பொம்பிளைப் பொலிஸ் உள்ளே வந்தாள். சின்னப் பிள்ளை. அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பெட்டி உறுமுவது எனக்குக் கடல் இரைவது போலக் கேட்டது. அந்தச் சத்தத்தை மூட நான் கதைக்கத் தொடங்கினேன். என் கலியாணத்தில்கூட வாய் திறக்காதவள் நான்.

"எந்த ஊர் மகள்? உம்மா வாப்பா இரிக்காங்களா? கலியாணம் முடிச்சாச்சா? இருங்க, இருந்து தேத்தண்ணி குடிங்க."

கட்டிலில் இருக்கச் சொல்லித்தான் கை காட்டினேன். அவள் மரியாதையாக, தாழ்வான இடம் பார்த்து, பெட்டி மேல் கிடந்த தலையணையில் இருந்துவிட்டாள்.

மகள் தேத்தண்ணியைக் கொடுத்த கையோடு சுவரில் சாய்ந்தாள். நான் பொலிஸ் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியிருந்தேன். பாதிக் கோப்பையில் அவள் முகம் மாறியது.

"உம்மா, இது ஏன் சுடுகுது? கீழ ஏதோ நடுங்குது."

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவர் மௌத்தானதிலேருந்து இந்த அறைக்குள்ள எல்லாமே ஒரு மாதிரித்தான் மகள்."

அவள் எழும்பின வேகத்தில் தேத்தண்ணி சிந்தியது. மிச்சத்தைக் குடிக்கவில்லை. திரைக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல சேர். அந்த உம்மாதான். வாங்க போவம்."

ஜீப் போன பிறகு மகள் கொம்பியூட்டரைத் தானே தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "இனி இதில கடிதம் அடிங்க, விண்ணப்பப் போம் நிரப்புங்க, போட்டோ எடுங்க. படம் இறக்கினா நான் இதக் கடல்ல இறக்குவன்" என்றாள். மருமகன் சரியென்று தலையாட்டினார்.

சில நாள் கழித்து, இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய படத்தை நானும் ஒருதரம் பார்க்கலாமா என்று திரைக்குப் பின்னால் இருந்து கூச்சத்தோடு கேட்டேன்.

"காசு குடுத்து ஒறிஜினல் வாங்கித்தான் பாக்கணும் மாமி" என்றார் மருமகன். "களவுப் படம் பாக்கிறது ஹராம்."