குழாய் மாற்றிய கோடை

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊரில், இருபத்தாறு வயதில், மிதிவெடியில் போனது. மொன்ட்ரியாலுக்கு வந்து பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பத்து வருடம் உழைத்தபின் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய அமெரிக்கக் கார். எழுபதுகளில் செய்தது, எட்டு சிலிண்டர், கடும்பச்சை, ஓட்டோமெட்டிக். இடது காலுக்கு வேலை வைக்காத கார் என்பதால்தான் அதைத் தேடிப் பிடித்தார்.

கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் கூடுவார்கள். இந்த மாதிரிக் காருக்கு ஓட்டோமெட்டிக்கா என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இவர் வாய் திறக்கமாட்டார். காற்சட்டையின் இடது பக்கத்தை மெல்ல உயர்த்திப் பொய்க்காலைக் காட்டுவார். கேட்டவருடைய முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அவருக்குப் பிரெஞ்சு வராது. நான் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்ததால் எனக்கு வரும். ஆகவே லொங்குய்யில் இருந்த மெக்கானிக்கிடம் போகும்போதெல்லாம் நடுவில் நான். ஒவ்வொரு வருடமும் காருக்கு ஏதாவது ஒன்று கூட்டுவார்கள். ஒரு வருடம் கார்புரேட்டர், அடுத்த வருடம் பின் அச்சின் பல்லுச் சக்கரம். தமிழில் பெயர் தெரியாத சாமான்களைப் பற்றிப் பிரெஞ்சில் சரளமாகக் கதைக்கப் பழகிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். நான் சண்டைக்குப் பின்நிற்பவள் இல்லை. கறியில் உப்புக் கூடியதற்கும் சண்டை, கார் கழுவிய தண்ணீரோடு அவர் வீட்டுக்குள் வந்ததற்கும் சண்டை. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் பக்கத்து வீட்டு ஹெய்ட்டிக்காரி சுவரில் தட்டினால்தான் நிறுத்துவோம். அப்படிப்பட்ட வாய்தான் அந்த வருடம் மூடிக்கொண்டது.

பனி உருகிக் காரை வெளியே எடுத்ததும் அவர் வெறுங்காலோடு ஓட்டத் தொடங்கினார்.

"சப்பாத்தோட பெடல் பிடிபடுகுதில்லை" என்றார்.

"என்ன, கோயிலுக்குள்ளயே போறியள்?" என்று பகிடி பண்ணினேன்.

சில நாள் கழித்துக் குசினியில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் உடைந்தது. கூட்டி அள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் சோபாவில் சாய்ந்த பிறகு பார்த்தால், குசினியிலிருந்து சோபாவரை ஒற்றைக் காலின் இரத்த அடையாளம். கிட்டப் போனேன். கண்ணை மூடியிருந்தார். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டொன்று ஏறியிருந்தது. நான் அதை இழுத்து எடுத்தேன். அவர் அசையவே இல்லை.

எட்டு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அந்தக் கால் உணர்வில்லாமல் விறைத்துவிட்டது என்று விளங்க எனக்கு டொக்டர் தேவைப்படவில்லை. ஆனால் டொக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்தேன். நடக்கும்போது நிலத்தையே பார்த்து நடக்கிற மனிதர் அவர். கார்க் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தால்தான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இரத்தத்தைத் துடைத்தேன், காலுக்கு மருந்து கட்டினேன். விழித்ததும், கீறியிருக்கு என்று மட்டும் சொன்னேன். அவரும் சரி என்றார்.

அடுத்த மாதம் லொங்குய்யில் மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். ஒன்று, என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கிற கொன்வேட்டரை மாற்றலாம். கார் எடுத்த எடுப்பிலேயே பாயும், ஆனால் கியர்பெட்டியைக் கழற்றவேண்டும், கார் ஒரு மாதம் அவரிடமே நிற்கும். மற்றது, என்ஜின் புகை போகிற குழாய்களை மாற்றி நீளமான ஹெடர் போடலாம். இழுவை கூடும், சத்தமும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அடித்தட்டு நன்றாகச் சுடும், தடித்த சப்பாத்து போட்டுத்தான் ஓட்டவேண்டும். ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சுட்டால் காலை எடுக்கமாட்டனே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

"நீர் சொல்லும், எதைப் போடுவம்?" என்றார் இவர்.

இங்கே கோடை என்பது கொஞ்ச நாள். அதில் ஒரு மாதம் கார் இல்லாமல் அவர் ஜன்னலோடு இருக்கப்போவதை நினைத்தேன். "ஹெடரையே போடுங்கோ" என்றேன்.

ஆனி மாதம் டொரொண்டோவில் ஒரு கலியாணம். 401 நெடுஞ்சாலையில் கார் உறுமிக்கொண்டு போனது. உண்மையிலேயே நல்ல சத்தம்தான். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். கிங்ஸ்டன் வருவதற்கு முன்பே என்னால் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. செருப்போடு இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, கீழ நெருப்பா எரியுது. உங்களுக்குச் சுடேல்லையோ?"

"இல்லையே. உமக்கு எல்லாம் கூடத்தான்."

நிற்பாட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சப்பாத்தையாவது போடுங்கோ என்று கத்தியிருக்கலாம். வழி நெடுக வேறு எதற்கெல்லாமோ வாய் காட்டினேன். இதைச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

டொரொண்டோவில் இறங்கியபோது குதிக்கால் தோல் வெந்து கழன்றிருந்தது. அந்தக் காலை ஊன்றியபடியே சொந்தக்காரரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார். நான்தான் கண்டு கத்திக் குழறினேன். புண் ஆறவில்லை. எலும்புவரை போய்விட்டது. இலைகள் கொட்டும் காலத்தில் வலது காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களிடம் அவர் காரைப் பற்றியே கதைத்தார். "ஹெடர் இவவின்ர தெரிவு. சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கவேணும்" என்பார், பெருமையோடு. நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதுவிட்டு வருவேன்.

ஒரு பின்னேரம் ஒருவரும் இல்லாதபோது, கண்ணாடித் துண்டு எடுத்ததைச் சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும், தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றும் சொன்னேன். அவர் திட்டவேண்டும் என்று விரும்பினேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "நான் அண்டைக்கு நித்திரை இல்லை. நீர் எடுக்கிறதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடந்தனான். காலில எனக்கு ஒண்டும் தெரியேல்லை, நோகவுமில்லை. பயந்துபோனன். நீர் இப்ப கேப்பீர், இப்ப கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"கேட்டிருந்தால்?"

போர்வையை இழுத்துச் சரிசெய்தார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"உம்மோட நல்லாச் சண்டை பிடிச்சிருப்பன். ரெண்டு நாள் முகம் பாத்துக் கதைச்சிருக்கமாட்டன். பேந்து டொக்டரிட்டப் போயிருப்பன்."